மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் எத்னிக் ஸ்டடீஸ்: இது படிப்பா, அரசியலா?

கொன்றைப்பூ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் பே ஏரியாவில் இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பருவம் எத்னிக் ஸ்டடீஸ் படித்தாக வேண்டும். கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிவந்தவர்கள், பூர்வகுடிகள், ஆசியர்கள் இந்த நாட்டில் எப்படி நடத்தப்பட்டார்கள், எதற்காகப் போராடினார்கள் என்பதுதான் பாடம். மாநிலம் 2021இல் போட்ட சட்டப்படி 2030இல் பள்ளி முடிக்கும் பிள்ளைகளிலிருந்து இது கட்டாயம். ஆனால் அரசு பணம் ஒதுக்கினால்தான் கட்டாயம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. எங்கள் மாவட்டம் அதற்காகக் காத்திருக்காமல் தானே ஆரம்பித்துவிட்டது.

எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் இரண்டு வாரமாக இதே பேச்சு. "கணக்குக்கும் அறிவியலுக்கும் போக வேண்டிய நேரம் வீணாகிறது", "பிள்ளைகளுக்குக் கோபத்தைத்தான் கற்றுக்கொடுப்பார்கள்", "இது கறுப்பினத்தவர் விஷயம், நமக்கு என்ன?" என்றெல்லாம் வருகிறது. மாவட்டக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு சுற்றுகிறது. என்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

நான் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறவள். எனக்கே இந்தப் பாடம் பற்றிச் சரியாகத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எதிராகக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தறிக்காரர்மகன் எழுதியது:

கொன்றைப்பூ, மனசில் பட்டதை அப்படியே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அப்பா கைத்தறி நெசவாளி. எங்கள் குடும்பம் மேலே வந்ததற்கு ஒரே காரணம் நான் கணக்கில் நன்றாக மதிப்பெண் வாங்கியதுதான். "உனக்கு அநியாயம் நடக்கிறது" என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை. அது எங்கள் வீட்டுத் தறிக்குழியிலேயே தெரிந்தது. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுக்க வேண்டியது அதிலிருந்து ஏறி வர ஒரு ஏணி. கொடுத்தது.

ஏழைப் பிள்ளைக்கு, அதிலும் நிறத்தால் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு, நாம் செய்யக்கூடிய பெரிய நீதி நல்ல கணக்கு வாத்தியார் ஒருவரைக் கொடுப்பது. அநியாயம் பற்றிய பாடத்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? என் மகனும் இதே வயதுதான். நான் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

---

தாழ்வாரம் எழுதியது:

அட்லாண்டாவில் முப்பது வருஷமாக இருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு இந்த ஊர்களின் வரலாற்றைப் படிப்பதும், அந்த இடங்களுக்குப் போய்ப் பார்ப்பதும்தான் வேலை. தறிக்காரர்மகன் தம்பி சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். ஆனால் அநியாயம் பற்றிய பாடம் வேறு, ஏணி வேறு என்று பிரித்தீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். இந்தப் பாடத்தின் வேரைப் பார்த்தால் அந்த இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964, மிசிசிப்பி. மாநிலத்தில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தின் 285 பிரிவுகளில் ஏதாவது ஒன்றைப் பதிவாளர் காட்டுவார். அதைப் படித்து அவருக்குத் திருப்தியாகும்படி விளக்கம் எழுத வேண்டும். திருப்தியா இல்லையா என்பது அவர் இஷ்டம். பள்ளிகளோ இன்னும் மோசம். மாநில அரசு தருவதற்கு மேல் உள்ளூர் மாவட்டங்கள் தங்கள் கையிலிருந்து செலவு செய்யும். ஹாலி ப்ளஃப் என்ற ஊரில் அந்த உள்ளூர்ச் செலவு ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 190 டாலருக்கு மேல். ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 2 டாலர்கூட இல்லை. டெல்டா பகுதியில் பருத்தி எடுக்கும் மாதங்களில் கறுப்பினப் பள்ளிகளை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் பருத்திக் காட்டுக்கு வேலைக்குப் போக வேண்டும். அதற்கு ஈடாகக் கோடை வெயிலில் பள்ளி நடக்கும்.

சார்லி காப் என்ற இளைஞர், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் களப்பணியாளர். 1963 டிசம்பரில் அவர் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார்: இந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் கேள்வி கேட்கவே இடமில்லை, கோடையில் நாமே பள்ளி நடத்துவோம். அதிலிருந்து பிறந்தவைதான் சுதந்திரப் பள்ளிகள். 1,000 பிள்ளைகள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 2,000க்கு மேல் வந்தார்கள். மாநிலம் முழுக்க 40க்கு மேற்பட்ட இடங்களில் நடந்தன. தேவாலயத்தின் கீழ்த்தளம், வீட்டுத் திண்ணை, மரத்தடி, எது கிடைத்ததோ அது. ஹாட்டீஸ்பர்க்கில் 80 வயதைக் கடந்த ஒருவர்கூடப் பெயர் கொடுத்திருக்கிறார்.

பாடத்திட்டத்தின் நடுவில் மூன்று கேள்விகள் இருந்தன. கிட்டத்தட்ட இப்படித் தமிழில் சொல்லலாம்:

பெரும்பான்மையோரிடம் இருப்பதில் நமக்கு எது வேண்டும்?
பெரும்பான்மையோரிடம் இருப்பதில் நமக்கு எது வேண்டாம்?
நம்மிடம் இருப்பதில் நாம் எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

வரலாறு, குடிமையியல் எல்லாம் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான். கூடவே எழுத்து, வாசிப்பு, கணக்கு உண்டு. பிரெஞ்சு மொழி வேண்டுமென்று கேட்ட பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக்கொடுத்தார்கள். தட்டச்சு வகுப்பும் நடந்தது. தங்கள் பள்ளிகளில் மறுக்கப்பட்டதை எல்லாம் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

---

யாழினி_ஸ்கார்பரோ எழுதியது:

தாழ்வாரம் ஐயா, அந்த மூன்றாவது கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன்.

எனக்கு 24 வயது. கனடாவில் பிறந்து வளர்ந்தேன். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் "உங்களிடம் இருப்பதில் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று என்னிடம் யாருமே கேட்டதில்லை. எதைக் களைய வேணும் என்றுதான் கேட்பார்கள். என்ர பெயரைச் சுருக்கச் சொன்னார்கள். நான் சுருக்கிக்கொண்டேன். பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டாம் வருடத்தில்தான் முழுப் பெயரையும் திரும்ப எடுத்தேன்.

அதனால் கொன்றைப்பூ அக்கா, "இது கறுப்பினத்தவர் விஷயம், நமக்கு என்ன" என்று சொல்லும் ஆட்களுக்கு நான் சொல்வது: பாடத்தை முதலில் ஒருதரம் வாசித்துப் பாருங்கோ. அது உங்கட பிள்ளையைப் பற்றியும்தான்.

---

தறிக்காரர்மகன் எழுதியது:

ஐயா, மிசிசிப்பி விவரத்துக்கு நன்றி. இதில் பல எனக்குத் தெரியாதவை. ஆனால் அது பள்ளியே இல்லாதவர்களுக்கு நடத்திய பள்ளி. இன்றைக்கு என் மகனுக்கு நல்ல பள்ளி இருக்கிறது. அது ஒன்று.

இன்னொன்று, பிள்ளைகளைப் போராட்டத்தில் முன்னே நிறுத்துவது சரியா? அந்தக் கோடையில் கொலைகள் நடந்ததாகப் படித்திருக்கிறேன். பெரியவர்களின் சண்டையில் பதினான்கு வயதுப் பிள்ளையை இழுத்துவிட எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்?

---

தாழ்வாரம் எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. மழுப்பாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

கொலைகள் நடந்தன. லாங்டேல் என்ற இடத்தில் மவுண்ட் சயன் தேவாலயத்தைச் சுதந்திரப் பள்ளிக்குக் கொடுக்க ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதை எரித்துவிட்டார்கள். எரிந்த இடத்தைப் பார்க்க 1964 ஜூன் 21 அன்று போன மூன்று பேர் திரும்பி வரவில்லை: ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர். 21, 20, 24 வயது. ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து அவர்களின் உடல்களை எடுத்தார்கள். ஒரு பள்ளிக்கு இடம் கொடுத்ததற்கு இவ்வளவு.

மிசிசிப்பியின் மக்கோம் ஊரில் இயக்கப் பணியாளர்கள் தங்கியிருந்த வீட்டில் ஜூலையில் குண்டு வைத்தார்கள். பயத்தில் எந்தத் தேவாலயமும் வகுப்புக்குக் கதவு திறக்கவில்லை. பிள்ளைகள் புல்வெளியில் உட்கார்ந்து படித்தார்கள். பதின்வயது மாணவி ஒருத்தி, குண்டு விழுந்த அந்த வீடே பேசுவதுபோல ஒரு கவிதை எழுதினாள். இத்தனைக்குப் பிறகும் நான் நிற்கிறேனே, நீங்கள் ஏன் கதவை மூடுகிறீர்கள் என்று பெரியவர்களைக் கேட்கிற கவிதை. அதைக் கேட்ட பிறகுதான் ஊர்ப் பெரியவர்கள் இடம் கொடுக்க முன்வந்தார்கள்.

பிள்ளைகளை யாரும் முன்னே தள்ளவில்லை. பல இடங்களில் பெரியவர்களை இழுத்து வந்ததே பிள்ளைகள்தான். 1951இல் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் தார்த்தாள் ஒட்டிய கொட்டகையில் பாடம் நடத்தியதை எதிர்த்துப் பள்ளி முழுவதையும் வெளிநடப்புச் செய்ய வைத்த பார்பரா ஜான்சுக்கு வயது 16. அதிலிருந்து பிறந்த வழக்குதான், பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பில் பின்னால் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று.

ஹாட்டீஸ்பர்க்கில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆகஸ்டு நடுவில் சுதந்திரப் பள்ளி முடிகிற நேரம். ஜூலை 2 அன்று, பொது இடங்களில் இன ஒதுக்கல் கூடாது என்ற சிவில் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் நம் ஊருக்கும் வந்ததா என்று பார்த்துவிடுவோம் என்று ஆறு மாணவர்கள் தங்கள் ஆசிரியையோடு கிளம்பினார்கள். எங்கே? நகர நூலகத்துக்கு. நூலக அட்டை வாங்க. அங்கே அட்டை இல்லை என்றார்கள். பிள்ளைகள் நகரவில்லை. காவல் துறைத் தலைவரே வந்து நூலகத்தை மூடினார். ஆறு பிள்ளைகளுக்கு நூலக அட்டை கொடுப்பதைவிட ஊர் முழுவதற்கும் நூலகத்தை மூடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அங்கிருந்து சாப்பிட ஒரு கடைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறச் சம்மதித்த கடை, அவர்களோடு வந்த வெள்ளை ஆசிரியைக்குப் பரிமாற மறுத்தது. எல்லாரும் எழுந்து வெளியே வந்தார்கள். வேலைவெட்டி இல்லாமல் திரிந்தார் என்று சொல்லி ஆசிரியையைக் கைது செய்தார்கள். அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1970இல் வந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஒரு கோடைக்கால வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கேட்டது நூலக அட்டை. உங்கள் வார்த்தையில் சொன்னால், தம்பி, அவர்கள் கேட்டதும் ஏணியைத்தான்.

---

மூலைக்கணக்கு எழுதியது:

நான் பாஸ்டன் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. தறிக்காரர்மகன் அண்ணா கணக்கைப் பற்றிச் சொன்னதால்தான் எழுத வந்தேன். கணக்கும் சமூக நீதியும் எதிரெதிர் என்று நினைக்கிறவர்கள் பாப் மோசஸைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் நியூயார்க்கில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1961இல் மக்கோமில் வாக்காளர் பதிவு வேலையை ஆரம்பித்தார். அந்த அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியை விட்டு வெளிநடப்புச் செய்தபோது, இனிமேல் போராட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்றது நிர்வாகம். பலர் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களுக்காக அங்கேயே ஒரு பள்ளி நடத்தினார்கள். மோசஸ் கணக்கு எடுத்தார். சில வாரத்தில் ஆசிரியர்களைச் சிறையில் போட்டதும் அது நின்றது.

இருபது வருஷம் கழித்து, தான்சானியாவில் ஆசிரியராக இருந்துவிட்டுத் திரும்பி, பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் மகள் படித்த பள்ளிக்குப் போனவர் ஒன்றைக் கவனித்தார். அல்ஜீப்ரா வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் மிகவும் குறைவு. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்காத பிள்ளைக்குப் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் கைக்கு எட்டாமல் போகும். கல்லூரிக் கதவும் அங்கேயே சாத்தப்படுகிறது. அந்தக் காலத்தில் எழுத்தறிவுத் தேர்வைக் காட்டி வாக்குரிமையை மறுத்தார்கள், இப்போது கணக்கு அந்த வேலையைச் செய்கிறது என்று அவருக்குப் பட்டது. 1982இல் அல்ஜீப்ரா புராஜெக்டை ஆரம்பித்தார்.

அவர் முறையை நானே வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை ரெட் லைன் ரயிலில் ஏற்றிக் கூட்டிப் போவோம். திரும்பி வந்ததும் பயணத்தை வரையச் சொல்வோம். பிறகு அவரவர் பேச்சில் சொல்ல வேண்டும்: எங்கே ஏறினோம், எந்தப் பக்கம் போனோம், எத்தனை நிறுத்தம். அப்புறம்தான் அதைக் கணக்கின் மொழிக்குக் கொண்டுவருவோம். ஏறிய நிலையம் பூஜ்யம். ஊருக்குள்ளே போகும் திசை கூட்டல், வெளியே போகும் திசை கழித்தல். "மூணு ஸ்டாப் முன்னால போய் அஞ்சு ஸ்டாப் திரும்பி வந்தா எங்க இருப்போம்?" என்று கேட்டால், பூஜ்யத்துக்குக் கீழே எண் இருக்கிறது என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை. போன வருஷம் ஒரு பையன் கரும்பலகையில் கோட்டைப் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டே போய், "டீச்சர், இந்தப் பக்கமும் முடிவே இல்லையா?" என்று கேட்டான். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன்.

மோசஸ் 2021இல் காலமானார். அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே பின்னால் இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அண்ணா சொன்ன நல்ல கணக்கு வாத்தியாரை இவர்கள் மேலிருந்து வரட்டும் என்று காத்திருக்காமல் தங்களுக்குள்ளேயே வளர்த்துக்கொண்டார்கள்.

---

தறிக்காரர்மகன் எழுதியது:

சகோதரி, அந்த ரயில் பாடம் மனசில் நின்றுவிட்டது. என் அப்பா பாவு ஓட்டும்போது இழை எண்ணுவதை வைத்துத்தான் எனக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தார். பள்ளியில் அதைச் சொன்னபோது வாத்தியார் சிரித்தார். நாற்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இவையெல்லாம் தேர்ந்த ஆசிரியர்களின் கதைகள். இன்றைய பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

---

ஏட்டுச்சுரை எழுதியது:

கல்வி ஆய்வுத் துறையில் வேலை செய்கிறேன். ஆதாரம் உண்டு, அதன் எல்லையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் சில உயர்நிலைப் பள்ளிகளில் எத்னிக் ஸ்டடீஸை முதலில் சோதனையாக நடத்தினார்கள். எட்டாம் வகுப்பில் மதிப்பெண் சராசரி (முழு அளவு 4.0) 2.0க்குக் கீழே இருந்த பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடத்தில் சேர்த்தார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களையும் சற்று மேலே இருந்தவர்களையும் தாமஸ் டீ, எமிலி பென்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். பாடம் படித்தவர்களின் வருகை 21 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. மதிப்பெண் சராசரி 1.4 புள்ளி உயர்ந்திருந்தது. கணக்கிலும் அறிவியலிலும்கூட உயர்வு தெரிந்தது. ஒரே ஒரு பாடத்துக்கு இது மிகப் பெரிய மாற்றம்.

எல்லை என்னவென்றால், அது சிறிய திட்டம். ஆசிரியர்கள் விரும்பி வந்தவர்கள், பல வருஷம் பாடத்தைச் செதுக்கியவர்கள். படிப்பை விட்டுவிடும் விளிம்பில் நின்ற பிள்ளைகளிடம் கண்ட பலன் அது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் அதே அளவு நடக்கும் என்று அந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. பயிற்சி இல்லாத ஆசிரியர் கையில் கொடுத்தால் இந்தப் பாடமும் இன்னொரு மனப்பாடம்தான்.

கொன்றைப்பூ, உங்கள் மாவட்டத்திடம் கேட்க வேண்டியது இதுதான். வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, யார் எடுக்கப்போகிறார், என்ன பயிற்சி கொடுத்தீர்கள், பாடநூல் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

---

யாழினி_ஸ்கார்பரோ எழுதியது:

டூசானை யாரும் சொல்லவில்லையே? அரிசோனாவில் டூசான் நகரப் பள்ளிகளில் 1998இலிருந்து மெக்சிகன் அமெரிக்கப் பாடத்திட்டம் நடந்தது. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். 2010இல் மாநிலம் அதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. ஓர் இனத்தின் மேல் வெறுப்பை வளர்க்கும் பாடம், ஒரு சமூகத்தாரின் ஒற்றுமையை வலியுறுத்தும் பாடம் எல்லாம் கூடாது என்று அதில் இருந்தது. உங்கட வாட்ஸப் குழுவில் சொல்கிறார்களே, "கோபத்தைக் கற்றுக்கொடுப்பார்கள்" என்று, கிட்டத்தட்ட அதே வாதம்தான். 2011இல் மாணவர்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் உறுப்பினர்களின் நாற்காலிகளில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். மாநிலம் பணத்தை வெட்டுவோம் என்று மிரட்ட, 2012 ஜனவரியில் வாரியம் பாடத்தை நிறுத்தியது. வகுப்பறைகளில் இருந்த புத்தகங்களைப் பெட்டிகளில் அடைத்து எடுத்துப் போனார்கள்.

2017 ஆகஸ்டில் நீதிபதி டஷிமா தீர்ப்புச் சொன்னார்: சட்டத்தைப் போட்டதும் அமல்படுத்தியதும் இனப் பகையால்தான், அது அரசியல் சட்டத்துக்கு முரண். அந்த நீதிபதி ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வழிவந்தவர்களை அமெரிக்க அரசு அடைத்து வைத்த முகாமில் சிறுவனாக இருந்தவர்.

தீர்ப்பு வந்தபோது அந்தச் சங்கிலிப் பிள்ளைகள் பள்ளி முடித்துப் போய்விட்டார்கள். எனக்கு அதில் இன்னும் கவலைதான்.

---

கொன்றைப்பூ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளைகள், டூசானில் மெக்சிகோ வழிப் பிள்ளைகள் சரி. இந்தப் பாடத்தில் ஆசியர்கள் எப்படி வந்தார்கள்? யாராவது பாவம் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்களா?

---

தாழ்வாரம் எழுதியது:

இல்லையம்மா, முன்வரிசையிலேயே இருந்தார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் நடந்தது. 1968 நவம்பர் 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் மாணவர் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. கறுப்பின மாணவர் சங்கமும், லத்தீன் அமெரிக்க, சீன, ஃபிலிப்பினோ, ஜப்பானிய வழி மாணவர்கள் சேர்ந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் நடத்தின. எங்கள் மக்களின் வரலாற்றை எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள், எங்கள் பிள்ளைகளைக் கல்லூரியில் சேருங்கள் என்பவை முக்கியமான கோரிக்கைகள். 1969 மார்ச் வரை நீடித்தது. தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. முடிவில் எத்னிக் ஸ்டடீஸுக்கென்று ஒரு கல்லூரிப் பிரிவே கிடைத்தது. 'ஆசிய அமெரிக்கர்' என்ற பெயரே அதே 1968இல் பெர்க்லி மாணவர்கள் வைத்ததுதான்.

இன்னொன்று. 1965க்கு முன்னால் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம். அந்த ஒதுக்கீட்டை எடுத்த குடியேற்றச் சட்டம் 1965இல் வந்தது. வாக்குரிமைச் சட்டமும் அதே ஆண்டுதான். இன ஒதுக்கலை எதிர்த்து எழுந்த அலையில் வந்த சட்டங்கள் இவை. மிசிசிப்பியில் 1967க்குள் கறுப்பின வாக்காளர் பதிவு கிட்டத்தட்ட 60 சதவீதம் ஆனது. நாம் இங்கே வீடு வாங்கி வாட்ஸப் குழு நடத்துகிறோம். "நமக்கு என்ன" என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

---

செப்டிமா_வாசகி எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. செப்டிமா கிளார்க்கை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்காதீர்கள்.

1916இல் 18 வயதில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஆசிரியை ஆனார். அவரும் இன்னொருவரும் 132 பிள்ளைகளுக்கு. மாதம் 35 டாலர். எதிரே வெள்ளைப் பள்ளியில் மூன்று பிள்ளைகள், ஆசிரியைக்கு 85 டாலர். 1956இல், கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தில் இருக்கும் அரசு ஊழியர் விலக வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. அவர் விலகவில்லை. நாற்பது வருஷ வேலையும் ஓய்வூதியமும் போயின.

அடுத்த வருஷம் அதே ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், அவரும் சேர்ந்து எடுத்த முயற்சியில், பெரியவர்களுக்கான குடியுரிமைப் பள்ளி ஆரம்பமானது. முன்பக்கம் மளிகை விற்கும், வெளியாருக்குச் சந்தேகம் வராது. பாடம் எடுத்தவர் அழகு நிலையம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன். ஆரம்பப் பள்ளிப் புத்தகங்களோடு போனவர், வந்திருந்த பெரியவர்களைப் பார்த்ததும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். என் பெயரை எழுத வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போட வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அட்டையில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்து, அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார். பிறகு வாக்காளர் பதிவுப் படிவம்.

இப்படிப் பெயர் எழுதக் கற்றவர்கள் வாக்காளரானார்கள். பள்ளிகள் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின. சுதந்திரப் பள்ளிகளுக்கு இதுவும் ஒரு மூத்த அக்கா. நீதி என்ற சொல்லை பெர்னிஸ் முதல் நாள் வகுப்பில் பேசினாரா என்று தெரியாது. மணியார்டர் படிவத்தைப் பேசினார்.

---

கொன்றைப்பூ எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மனுவில் கையெழுத்துப் போடவில்லை. ஏட்டுச்சுரை சொன்னபடி மாவட்டக் கூட்டத்துக்குப் போய் ஆசிரியர் பயிற்சி பற்றியும் பாடநூல் பற்றியும் கேட்டேன். பட்டியல் கொடுத்தார்கள். நான்கு நாள் பயிற்சி மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அது போதாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெர்னிஸ் ராபின்சன் கேட்ட கேள்வியைப் போன சனிக்கிழமை என் தமிழ் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பதினோரு பிள்ளைகள், 11 முதல் 14 வயது. "தமிழ்ல உங்களுக்கு என்ன செய்யத் தெரியணும்?" ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, தாத்தா வாட்ஸப்பில் அனுப்புகிற செய்தியை அம்மாவிடம் கொடுக்காமல் தானே படிக்க வேண்டும் என்றாள். இன்னொருவன், "படிக்கிறதுக்கு எங்க வயசுக்குப் புத்தகமே இல்லையே, லைப்ரரில இருக்கறது எல்லாம் குழந்தைப் படப் புத்தகம்" என்றான். சரி, போய் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். எண்ணிவிட்டார்கள். எங்கள் கிளை நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் மொத்தம் 23. பதின்வயதுப் பிள்ளை படிக்கக்கூடியது 2.

நூலகருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழ்க் கடிதம் எதற்கு, அவருக்குத்தான் தெரியாதே என்று கேட்டேன். "எங்களுக்கு எழுதத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார்கள்.

ஹாட்டீஸ்பர்க் பிள்ளைகளோடு இதை நான் ஒப்பிடவில்லை. இங்கே யாரும் கதவைச் சாத்தவில்லை. நூலகர் அன்போடு பேசினார், வரும் சனிக்கிழமை 4 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் கடிதம் எழுதும் முன்னால் அந்த ஆறு பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். நூலகத்தையே மூடினார்கள் என்றதும் என் மகள், "அப்ப மத்தவங்க எல்லாம் எங்க போய்ப் படிச்சாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தாழ்வாரம் ஐயா, தெரிந்தால் சொல்லுங்கள், அவளுக்குச் சொல்ல வேண்டும்.

---

தாழ்வாரம் எழுதியது:

சில சுதந்திரப் பள்ளிகளிலேயே நூலகம் வைத்திருந்தார்கள் அம்மா. வட மாநிலங்களிலிருந்து மக்கள் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பினார்கள். பிள்ளைகள் அதைப் பிரித்து அடுக்கினார்கள்.

அந்த ஆகஸ்டில், சேனியை அடக்கம் செய்த அதே வாரத்தில், அவர் பிறந்த மெரிடியன் ஊரில் சுதந்திரப் பள்ளி மாணவர்கள் கூடினார்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று தாங்களே தீர்மானம் எழுதினார்கள். பள்ளி, வீடு, வேலை, மருத்துவம் எல்லாம் அதில் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு மேல் பொருளாதாரத் தடை வேண்டும் என்றும் எழுதினார்கள். தங்கள் ஊர் நூலகத்தில் கால் வைக்க முடியாத பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

---

தறிக்காரர்மகன் எழுதியது:

கொன்றைப்பூ, என் பெயரை மனுவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பாடத்தைப் பற்றி எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. நான்கு நாள் பயிற்சி போதாது என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததில் என் பெயரையும் சேர்க்க முடியுமா?

என் மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கடிதத்தில் அவன் பெயரை அவனே எழுத வேண்டும் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தோம். முதலில் நான் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதன்மேல் அவன் எழுதிப் பழகினான். கடைசி ழகரம்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது.

சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வண்டியில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.